இன்று ஒரு நாதன் உள்ளே நுழைய முடியுமா?



சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலை அறியாத தமிழர் இந்த ஊரில் இருக்க முடியாது. 1827இல் அந்தக் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளை செங்கல் சூளை நடத்திய வியாபாரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் இங்கு வந்தபோது அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அரசாங்கக் கருவூலத்தில் வெள்ளி நாணயங்களைச் சோதித்து, நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பிரித்துச் சொல்லும் வேலை. அரசாங்கம் தன் கல்லாப்பெட்டியை நம்பி ஒரு தமிழர் கையில் கொடுத்திருந்தது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே கோயிலை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியத்துக்கு 1983 முதல் 1988 வரை தலைவராக இருந்தவர் எஸ்.ஆர். நாதன். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தவரும் அவரே. அதிபராவதற்கு வெகு முன்பே, கல்லாப்பெட்டியைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. 1971 முதல் 1979 வரை அவர் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். இந்தச் சின்னஞ்சிறு நாட்டின் ரகசியங்களைக் காக்கும் நாற்காலியில் எட்டு ஆண்டுகள் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார்.

திறமையும் ஈடுபாடும் உள்ளவர்கள் அரசாங்க வேலைக்கும் உளவு வேலைக்கும் வருவதில்லை என்று பல நாட்டு அரசாங்கங்கள் இன்று கவலைப்படுகின்றன. எங்கே தேடினால் கிடைப்பார்கள் என்று ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். நாதனைப் போன்ற ஒரு பையன் இன்று வந்து கதவைத் தட்டினால், அவனை உள்ளே விடுவார்களா?

நாதன் எந்த வழியாக வந்தார்?

அவருடைய அரசியலை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்த வழியை மட்டும் பாருங்கள்.

1924இல் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். 1930களின் ரப்பர் விலை வீழ்ச்சியில் குடும்பம் நொடிந்தது. எட்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். 16 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். ஜப்பானியர் ஆட்சியில் ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர் முடிந்த பிறகு வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் சமூகவியல் பட்டயம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 30.

அரசாங்கத்தில் அவருடைய முதல் பதவி மருத்துவமனையில் ஏழை நோயாளிகளின் குடும்பங்களைக் கவனிக்கும் சமூக ஊழியர் பதவி. அடுத்து கப்பல் தொழிலாளர் நல அதிகாரி. 1962இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. அங்கிருந்து வெளியுறவு அமைச்சு, அதன்பின் உளவுப் பிரிவு.

1974 ஜனவரி 31 அன்று ஜப்பானிய செம்படையையும் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியையும் சேர்ந்த நான்கு பேர் புக்கோம் தீவின் ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினார்கள். பிறகு லாஜு என்ற படகைக் கைப்பற்றி, அதில் இருந்தவர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீண்டது. கடைசியில் அந்த நான்கு பேரும் குவைத்துக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர்வதற்கு உத்தரவாதமாக, அவர்களோடு ஒரே விமானத்தில் 13 சிங்கப்பூர் அதிகாரிகள் ஏறினார்கள். தலைமை தாங்கிச் சென்றவர் நாதன். அந்த வேலைக்குப் போகத் தேவைப்பட்ட துணிச்சலை எந்தத் தேர்வு வைத்து அளப்பது? கப்பல் தொழிலாளியோடும் தொழிற்சங்கக்காரர்களோடும் பல ஆண்டுகள் பேசிப் பழகிய மனிதரைத்தான் அங்கே அனுப்பினார்கள்.

பணம் கொடுத்தால் ஈடுபாடும் வருமா?

திறமையானவர்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு நம் நாட்டின் விடை வெளிப்படையானது. 1994இல் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. தனியார் துறையில் அதிகம் சம்பாதிப்பவர்களின் வருமானத்தோடு அமைச்சர்கள், மூத்த அதிகாரிகளின் சம்பளம் இணைக்கப்பட்டது. மக்கள் முணுமுணுத்தார்கள். 2012இல் அமைச்சர்களின் சம்பளம் குறைக்கப்பட்டது. ஆனால் அடிப்படைக் கருத்து மாறவில்லை. திறமைக்கு விலை கொடுத்தால் திறமை வரும் என்பதே அது.

நியாயமான சம்பளம் வேண்டும், சந்தேகமில்லை. வயிறு காய்ந்த அதிகாரியை லஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் சம்பளத்தால் ஈடுபாட்டை வாங்க முடியுமா? உளவு வேலையில் பெயர் வராது, புகழ் வராது. என்ன வேலை செய்கிறாய் என்று மாமியார் கேட்டால்கூடச் சொல்ல முடியாது. காசுக்காக மட்டும் வந்தவர், அதிகக் காசு காட்டுகிற இடத்துக்கு அடுத்த ஆண்டே போய்விடுவார்.

இரண்டாவது விடை உபகாரச் சம்பளம். பதினெட்டு வயதில் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைகளைப் பொதுச் சேவை ஆணையம் தேர்ந்தெடுத்துப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பங்கை நீண்ட காலம் ராஃபிள்ஸ், ஹுவா சோங் ஆகிய இரண்டு பள்ளிகளின் மாணவர்களே பெற்றார்கள். ஹுவா சோங் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. 1979இல் ஒன்பது பள்ளிகளோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் தாய்மொழிப் பாடம் சீனம். விதிமுறையில் தமிழனை விடாதே என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் தமிழ் படிக்கும் பிள்ளை அந்த வாசலில் எப்படிப் போய் நிற்கும்?

பலவகைப் பள்ளிகளிலிருந்தும் ஆட்கள் வேண்டும் என்று ஆணையமே பேசத் தொடங்கியிருக்கிறது. 2015இல் அரசாங்கச் சேவையில் பட்டதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றாக்கும் அறிவிப்பும் வந்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆனாலும், 16 வயதில் வீட்டைவிட்டு ஓடியவன் 30 வயதில் பட்டயத்தோடு வந்து நின்றால், அவனை மேலே ஏற்றிவிடும் படி எங்கே இருக்கிறது?

தேக்காவில் அந்த இரவு

இது ஏதோ மேல்மட்ட விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் 33 வயதுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தது. ஆம்புலன்சும் காவல் வாகனங்களும் எரிந்தன. அதிகாரிகள் பலர் காயமடைந்தார்கள்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. மது ஒரு காரணம் என்றது. மீட்புப் பணியில் இருந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது மற்றொரு காரணம் என்றது. விசாரணையின்போது அப்போதைய காவல் ஆணையர் தமக்கு மேலும் 1000 அதிகாரிகள் வேண்டும் என்று சொன்னார்.

ஆயிரம் பேர் வேண்டும் என்றார், சரி. அந்த ஆயிரத்தில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்? கூட்டத்தின் முன்னால் நின்று, "தம்பி, அவரை வெளியே எடுக்கத்தான் பாடுபடுறாங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று அவர்கள் ஊர்ப் பேச்சில் உரக்கச் சொல்லக்கூடிய அதிகாரிகள் போதுமான அளவு இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கலாம் என்பது என் கருத்து. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அது பெயர்ப்பலகையில் இருந்தால் மட்டும் போதாது, சீருடைக்குள்ளும் இருக்க வேண்டும்.

காதாக மட்டும் வைத்திருப்பார்களா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "உரிமை பேசுகிற நீங்களே பிள்ளைகளை உளவுத்துறைக்குப் போகச் சொல்கிறீர்களா? 1963 பிப்ரவரியில் கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி உள்ளே போனார்களே! 1987இல் 22 பேரைப் பிடித்தார்களே!"

மறக்கவில்லை. விசாரணையற்ற காவலை நான் எதிர்க்கிறேன், எப்போதும் எதிர்ப்பேன். ஆனால் நாம் ஒதுங்கி நின்றால் அந்தத் துறைகள் இல்லாமல் போய்விடுமா? போகாது. ஏழை வீட்டில் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் அந்தக் குடும்பம் எப்படி நடுங்கும் என்பதை அறியாதவர்கள் மட்டுமே அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

இதிலே ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொந்தச் சமூகத்தைக் காட்டிக்கொடுத்துக் காசு வாங்குகிறவன் வேறு. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பொறுப்பேற்று, முடிவெடுக்கும் அதிகாரி வேறு. சிறுபான்மையினரைக் காதாகப் பயன்படுத்த அரசாங்கங்கள் தயங்குவதில்லை. தலையாக ஏற்கத்தான் தயங்குகின்றன.

அமெரிக்காவைப் பாருங்கள். 1942இல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அதே நேரத்தில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளையே ராணுவ உளவுச் சேவைக்குச் சேர்த்தார்கள். எதிரியின் ஆவணங்களைப் படிக்கவும் கைதிகளை விசாரிக்கவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். மின்னசோட்டாவில் பயிற்சி பெற்று ஆயிரக்கணக்கானோர் போர்முனைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்கள். கட்டளையிட்ட அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். மகன் நாட்டுக்கு உளவு பார்க்கிறான், தாய் முகாமில் காவலில் இருக்கிறாள்! அந்தப் பிள்ளைகளிடம் ஈடுபாட்டுக்குக் குறைவே இல்லை. நம்பிக்கை வைக்க வேண்டிய அரசாங்கம்தான் வைக்கவில்லை.

நாதனின் கதை நமக்கு முக்கியமாவது இதனால்தான். அவரைத் தலையாக வைத்தார்கள். வைத்ததால் இந்த நாடு எதையும் இழந்துவிடவில்லை.

நம்பிக்கை என்ற பூட்டு

1987இல், அப்போது அமைச்சராக இருந்த லீ சியன் லூங், ராணுவத்தில் மலாய்க்காரர்களைச் சில பொறுப்புகளில் வைப்பது பற்றிப் பேசினார். நாட்டுப் பற்றும் சமயமும் மோதிக்கொள்ளக்கூடிய நிலையில் அவர்களை நிறுத்த விரும்பவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். மலாய்ச் சமூகத்துக்கு அது ஆறாத வடு. அது அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று தமிழர் இருக்கலாமா? நம்மில் தமிழ் முஸ்லிம்கள் இல்லையா? இன்று ஒரு சமூகத்தைப் பிறப்பை வைத்து அளந்த தராசு, நாளை இன்னொரு சமூகத்தை அளக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

நம்பிக்கையைக் குலத்தையும் குடும்பத்தையும் வைத்து அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி. அங்கே உளவுத்துறைகள் நல்ல குடும்பம், நல்ல பள்ளி, கேம்பிரிட்ஜ் என்று பார்த்துத் தோளைத் தட்டி ஆள் சேர்த்தன. அந்த வாசல் வழியாகத்தான் கிம் பில்பி உள்ளே போனார். பல ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்கு வேலை செய்துவிட்டு 1963இல் மாஸ்கோவுக்கு ஓடினார். 1997இல்தான் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 பத்திரிகையில் வெளிப்படையாக வேலை விளம்பரம் கொடுத்தது. ஆகவே எல்லாருக்கும் வாசலைத் திறந்து, வருகிறவரை ஒழுங்காகச் சோதிப்பதே உண்மையான பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்து அரசாங்கப் பதவி நியமனத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. காகிதத்தில் அருமையான பிரிவு. ஆனால் பாகுபாடு நடந்ததா என்று அறிய, மறுத்த காரணம் தெரிய வேண்டுமே!

என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய் துப்புரவு வேலை செய்பவர். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நன்றாகப் படித்துத் தேறியவன். ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். நேர்காணல் வரை போனான். பிறகு வந்தது ஒரு வரிக் கடிதம், "தங்கள் விண்ணப்பம் வெற்றி பெறவில்லை." அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "ஐயா, அவங்க அப்பா மேல முன்னால ஒரு கேஸ் இருந்துச்சு. அதனாலயா?" எனக்கு என்ன பதில் தெரியும்? அவனைவிடத் தகுதியானவர் கிடைத்திருக்கலாம். அப்பாவின் வழக்கும் காரணமாக இருக்கலாம். பையனோ முடிவு கட்டிவிட்டான்: "நமக்கெல்லாம் அங்க இடம் கிடையாதும்மா." அதன்பின் அவன் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. இப்படித்தான் ஒரு நாடு தன் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் இழக்கிறது.

இலங்கையில் அதைச் சத்தமாகவே செய்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க எழுத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், அரசாங்க ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்குக் கடைசிவரை விடை வரவில்லை. தன் தமிழ் எழுத்தர்களை அந்நியராக்கிய அரசாங்கம், தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் காதையே அறுத்துக்கொண்டது. பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

"நம் ஆட்கள்தான் இருக்கிறார்களே!"

ராஜரத்தினம், ஜெயக்குமார், தனபாலன், ஜே.ஒய். பிள்ளை, சண்முகம், 2023இல் அதிபரான தர்மன் என்று பட்டியல் போட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, நம் எண்ணிக்கைக்கு அது பெருமைக்குரிய பட்டியல். சிங்கப்பூர் இலங்கையும் அல்ல. ஆனால் மாடியில் சிலர் நிற்பதால் படிக்கட்டு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஈரறை வீட்டில் வளர்கிற, அப்பா பாதுகாவலராகவும் அம்மா துப்புரவாளராகவும் இருக்கிற பிள்ளை அந்தப் படியில் கால் வைக்க முடிகிறதா என்பதே என் கேள்வி.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது

முதலாவது, பொதுச் சேவை உபகாரச் சம்பளம் பெறுவோர் எந்த இனம், எவ்வகைப் பள்ளி, எவ்வகை வீடு என்ற மொத்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், ரகசியத் துறைகளின் கணக்கும் வேண்டாம்.

இரண்டாவது, விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் சொல்லுங்கள். பாதுகாப்புச் சோதனை காரணம் என்றால், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தனியாக அமர்ந்து கோப்பைப் பார்க்கும் முறையீட்டு வழி வேண்டும். பாதுகாப்பு அனுமதியை இழந்த அரசாங்க ஊழியர்கள் முறையிட பிரிட்டனில் சுயேச்சையான குழு இருக்கிறது. தந்தையின் பழைய வழக்குக்கு மகன் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

மூன்றாவது, முப்பது வயதுக்கு மேல் ஒரு வாசல் திறங்கள். தாதியர், சமூக ஊழியர், தொழிற்சங்கக்காரர், துறைமுகத் தொழிலாளி ஆகியோர் அரசாங்கத்தின் உயர் பொறுப்புகளுக்கு ஏறிவர அது வழி செய்ய வேண்டும்.

நான்காவது, பேச்சுத் தமிழில் மக்களோடு உரையாடும் திறனை ஒரு தகுதியாகக் கணக்கில் எடுத்து, அதற்குப் படித்தொகை கொடுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்காது என்று நாமே முன்கூட்டித் தீர்ப்பு எழுதினால், பாகுபாடு காட்ட வேறு யாரும் தேவையில்லை. படிவத்தில் கடன், வழக்கு, வெளிநாட்டு உறவினர் பற்றிக் கேட்டால் உண்மையை அப்படியே எழுதுங்கள். இருக்கிற குறையைவிட மறைத்த குறைதான் ஆளைக் கவிழ்க்கும். அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். தேதியோடு பத்திரப்படுத்துங்கள், காரணம் கேட்டு எழுதுங்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். ஒருவர் கேட்டால் அது புகார். நூறு பேர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசுங்கள். அது ஒரு நாள் உங்கள் பிள்ளையின் தகுதியாக மாறும்.

திறமையும் ஈடுபாடும் உள்ளவர்களைத் தேடி அரசாங்கங்கள் ஆலோசகர்களுக்குக் காசு கொடுத்து அறிக்கை எழுதச் சொல்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இருபத்து நான்கு மாதம் தேசிய சேவை செய்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் இந்த ஊரின் அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். நாட்டைக் காக்க அவர்களின் தோள் ஆகும் என்றால், நாட்டின் ரகசியத்தைக் காக்க அவர்களின் மூளையும் ஆகும்.

கேட்போம். எழுத்தில் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்.

சைனாடவுனிலிருந்து ஒரு வழக்கறிஞர்